கழுவாத பஞ்சு

மேனேஜர் தரை தட்டிவிட்டார் என்பது, அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.

மேனேஜர் என்பது ஒரு மீன். உள்ளங்கை அகலம், ஆரஞ்சு நிறம், தலையில் ஒரு சதைக் கொண்டை. ஏழு வருஷமாக அந்த வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் குடியிருக்கிற தங்கமீன். "வேலைன்னு ஒண்ணும் கிடையாது. நாள் பூரா வாயைத் திறந்து திறந்து மூடறதோட சரி. அச்சு அசல் எங்க மேனேஜர்" என்று சொல்லி அவள் புருஷன் வைத்த பேர் அது. வந்த புதிதில் கோழி கொத்துவதுபோல் கண்ணாடியை மூக்கால் தட்டித் தீனி கேட்கும். ஆள் அசந்தால் அதிகாரம் செய்யும். அதனாலும் அந்தப் பேர் பொருந்திவிட்டது.

இப்போது அது தொட்டியின் மூலையில், கல்லின்மேல் வயிறு படக் கிடந்தது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருந்தது. வால் ஓரம் எலி கடித்த துணிமாதிரி பிய்ந்து, உள்ளே சிவப்புச் சிவப்பாக நூல் ஓடியிருந்தது. செவுள் மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

"காலையில நீ போனதுல இருந்து இப்படித்தான் கிடக்கு" என்றார் புருஷன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கும் தொட்டிக்கும் நடுவில் தரையில் ஒரு கோடு. பழுப்பு நாடாவில் சாய்ந்த வெளிர்க் கீற்றுகள் போட்ட கோடு. ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கும் கருவிகளைப் பொட்டலம் கட்டி ஒட்டுகிற நாடா அது. நீராவிப் பெட்டிக்குள் போய்ச் சரியான சூட்டில் வெந்து வந்தால் அந்தக் கீற்றுகள் கறுக்கும். கறுக்காவிட்டால் அந்தப் பொட்டலத்தை எந்த டாக்டரும் தொடமாட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. ரத்தமும் சதையுமாக வருகிற கத்தரிகளையும் இடுக்கிகளையும் மூட்டு மூட்டாகத் திறந்து தேய்த்து, குழாய்க்குள் குச்சி பிரஷ் விட்டு எடுத்து, இரண்டு சுற்றுப் பச்சைத் துணியில் கட்டி, ஒட்டி, வேகவைத்து அனுப்புகிற வேலை. அத்தனை வருஷத்தில் ஆஸ்பத்திரிச் சொத்தில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது தீரப்போகிற இந்த ஒரு நாடாச் சுருளைத்தான். அதையும் புருஷனைக் காப்பாற்றத்தான் ஒட்டினாள்.

காப்பாற்றத்தான் வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஊசி, குழாய், மெஷின். ஒரு கிட்னி கொடுக்கிறாயா என்று கேட்டதும், "பார்க்கலாம் அண்ணே" என்று சொல்லிப் போன அவர் தம்பி போனவன்தான். சொந்தபந்தமெல்லாம் பழமும் அனுதாபமும் கொண்டுவந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினவள் அவள் ஒருத்திதான். பொருந்தியது. கொடுத்தாள். பதினாறு மாசமாக அவளுடைய கிட்னி அவர் வயிற்றில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது.

முதல் ஆறு மாசத்துக்கு டாக்டர் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். கூட்டத்துக்குள் போகாதே, பச்சைக் காய் தின்னாதே, உப்பைக் குறை, மண்ணைத் தொடாதே, மீன் தொட்டிக்குள் கையை விடாதே. டாக்டர் ஒரு மடங்கு சொன்னால் அவள் பத்து மடங்கு செய்தாள். ஆறு மாசம் முடிந்ததும் டாக்டர் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்; அவள் எதையும் தளர்த்தவில்லை. போன தடவை போனபோது டாக்டர், "சின்னச் சின்ன வேலைக்குத் திரும்பலாமே" என்று கேட்டார். அவள் முந்திக்கொண்டு, "அவசரம் என்ன டாக்டர்" என்றாள். டாக்டர் அவரைப் பார்த்தார். "அவ சொன்னாச் சரிதான்" என்றார் அவர்.

அந்த மனுஷன் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் நின்றுகொண்டு ஏழாம் மாடியில் நிற்கிற ஆளுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை. அதே தொண்டைதான் வீட்டிலும். ஃபேனை நிறுத்தாமல் போனதற்கு ஒரு சண்டை, கதவைப் பூட்டினாளா இல்லையா என்று ஒரு சண்டை, சோறு குழைந்ததற்கு ஒன்று, குழையாததற்கு ஒன்று. அவளும் சளைத்தவள் இல்லை. ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். கீழ் வீட்டு டீச்சர் தாங்க முடியாமல் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள். அந்த டிவி அலறினால்தான் தங்கள் குரல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இருவருக்கும் உறைக்கும். பிறகு யாராவது ஒருவர் முதலில் சிரித்துவிடுவார்கள். பெரும்பாலும் அவர்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாயில் "டி" போய் "ம்மா" வந்தது. "சரிம்மா." "நல்லா இருக்கும்மா." "உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே செய்ம்மா." நாத்தனார்கூட போனில், "என் தம்பியா இது, தங்கக் கம்பியா ஆயிட்டானே" என்று ஆச்சரியப்பட்டாள். அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் சில நாள் ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கும். காது ஏதோ ஒன்றுக்குக் காத்துக்கொண்டிருக்கும். அது எதற்கு என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

மீன் தொட்டியும் அவள் தலையில்தான் விழுந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் அவளுக்குப் பாடம் எடுத்தார். வாரம் ஒரு தரம் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்று. ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து வை. அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அப்படியே செய்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. இரண்டு மாசத்துக்கு முன் அவருக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் தொற்று என்றார்கள், மருந்தில் அடங்கிவிட்டது. ஆனால் அந்த நாலு நாளும் அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கிருமியைத் தேடினாள். தேடித் தேடிக் கடைசியில் அந்தப் பஞ்சில் போய் நின்றாள். பழுப்பாக, வழவழவென்று, மூக்குச் சளிபோல.

அன்றைக்கே அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். கூழாங்கற்களைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் தேய்த்து அலசினாள். தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றினாள். தொட்டி நகைக்கடைபோல் மின்னியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "பளிச்சுன்னு இருக்கும்மா" என்றார்.

அதற்குப் பிறகு வாராவாரம் அதே. மூன்று வாரத்துக்கு முன் மேனேஜருக்குத் துணையாக இருந்த கறுப்பன் செத்து மிதந்தான். அவள் பதறிப்போனாள். "அதுக்கு வயசாயிடுச்சும்மா, விடு" என்றார் அவர். பிறகு மேனேஜரின் வால் பிய்ய ஆரம்பித்தது. அவள் இன்னும் நன்றாகக் கழுவினாள். நீல மருந்து வாங்கி ஊற்றினாள். வால் இன்னும் பிய்ந்தது.

இன்றைக்கும் அவள் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, உறை மாட்டி, பஞ்சைக் கழற்றினாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"இன்னைக்கு..." என்றார் அவர்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லைம்மா. நீ பாரு."

பஞ்சைக் கொதிக்கவைத்து எடுத்து உலர்த்திவிட்டு, இருக்கிற மருந்தைவிட வீரியமாக ஒன்று வாங்கிவரலாம் என்று கிளம்பினாள். கிளம்பும்போது ஒரு சின்னச் சீசாவில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டாள். சாம்பிள் இல்லாமல் எந்த நோயையும் பேசக் கூடாது என்பது ஆஸ்பத்திரிப் பழக்கம்.

வளர்ப்பு மீன் கடை அடுத்த தெருவில், சாவி போடுகிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே இடுப்பளவு உயரத்துக்குத் தொட்டிமேல் தொட்டி. கடைக்காரம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முழங்கைவரை நனைந்த கையால் ஒரு தொட்டிக்குள் வலை விட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். சீசாவை வாங்கினாள். ஒரு சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி, இரண்டு குப்பிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, பலகையில் நிறுத்திவிட்டு மறுபடி போனில் யாரையோ திட்டப் போய்விட்டாள்.

அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிறம் மாறுகிற சோதனை என்றால் அவளுக்குப் பொறுமை உண்டு. மஞ்சளாக இருந்த தண்ணீர் பச்சையானது. இளம்பச்சை கரும்பச்சையானது. கடைசியில் இலையை அரைத்து ஊற்றியதுபோல் ஆகிவிட்டது.

திரும்பி வந்த கடைக்காரம்மா அதைப் பார்த்ததும் போனை நிறுத்தினாள்.

"தண்ணி எப்ப மாத்துவீங்க?"

"வாராவாரம். முழுசா. காய்ச்சி ஆற வச்சு."

"முழுசாவா? பஞ்சு?"

"இருபது நிமிஷம் கொதிக்க வைப்பேன். கல்லுக்கு பிளீச்சிங் போட்டு ஒம்பது தண்ணி அலசுவேன்." பெருமையை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில கருவியெல்லாம் சுத்தம் பண்ற பிரிவுல இருக்கேங்க. என் கையைத் தாண்டி ஒரு கிருமி போகாது."

"போகலை. அதான் வினையே" என்றாள் கடைக்காரம்மா. "மீன் ஒண்ணுக்கு எங்கே போகும், சொல்லுங்க. அந்தத் தண்ணிக்குள்ளதானே? அதுல இருந்து விஷம் ஏறும், இந்தப் பச்சை அதுதான். அந்த விஷத்தைத் தின்னு தீர்க்கற கிருமி ஒண்ணு இருக்கு. அது குடியிருக்கறது பஞ்சுலதான். பழுப்பா வழவழன்னு இருக்குமே, அதை அழுக்குன்னு நினைச்சுட்டீங்க. அதான் அந்தத் தொட்டிக்குக் கிட்னி. வாராவாரம் கிட்னியைப் புடுங்கிக் கொதிக்க வச்சிருக்கீங்க."

அவள் கை தானாக இடது விலாவுக்குக் கீழே போனது. புடவைக்குள் அந்தத் தழும்பு ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. ஒரு தீனி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

"வேற மீன் ஏதாவது போச்சா?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

"ஒரு கறுப்பு. அதுக்கு வயசாயிடுச்சுன்னு..."

"என்ன வயசு?"

"ரெண்டு."

"ரெண்டா? தங்கமீனுக்கு ரெண்டு வயசுங்கறது பால்குடி மாறாத வயசு. யார் சொன்னது அப்படி?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவருக்கு மீனைப் பத்தித் தெரியாதோ?"

பதினைந்து வருஷமாக மீன் வளர்க்கிற மனுஷர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழி என்று சொன்ன மனுஷர். அவருக்குத் தெரியாதா? இதை அவள் கடைக்காரம்மாவிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

கடைக்காரம்மா கடையின் பழைய தொட்டி ஒன்றிலிருந்து பஞ்சை உருவி, அதே தண்ணீரோடு ஒரு பையில் போட்டு முடிந்தாள். கறுப்பாக, கசண்டு வழிய இருந்தது. "இதைக் கொண்டுபோய் அப்படியே மாட்டுங்க. கழுவிடாதீங்க, உங்களுக்குக் கோடி புண்ணியம். தினம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. குழாய்த் தண்ணிக்கு குளோரின் முறிக்கற சொட்டு போட்டா போதும், காய்ச்ச வேண்டாம். கொஞ்சம் கல் உப்பு கரைச்சு விடுங்க. தீனி கூடாது. மருந்து ஒண்ணும் கூடாது."

"பிழைக்குமா?"

"செவுள் வெந்திருக்கும். பார்க்கலாம்" என்றாள் கடைக்காரம்மா. கொழுந்தனில் தொடங்கி, அந்தப் 'பார்க்கலா'மை அவள் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவள் பிரிவில் இரண்டு கதவுகள். அழுக்கு வருகிற கதவு வேறு, சுத்தம் போகிற கதவு வேறு. ஒன்றில் வரவேண்டியது மற்றதில் வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அவள் அந்தக் கறுப்புப் பஞ்சை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் வீட்டின் ஒரே கதவு வழியாக உள்ளே வந்தாள். கல் உப்புப் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். பஞ்சை மாட்டினாள். மோட்டார் கொஞ்ச நேரம் கலங்கலாகத் துப்பியது, பிறகு தெளிந்தது.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள், தொட்டியைப் பார்த்தபடியே.

அவருக்கு எது என்று கேட்கத் தோன்றவில்லை. "தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"முதல் நாள் நீ பஞ்சைக் கொதிக்க வச்சதுல இருந்து."

"கறுப்பன் செத்தப்பவும்?"

"ம்."

"ஏன் சொல்லலை?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "வாய் இல்லையா உங்களுக்கு? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கிரீஸ் ஏறிக் கறுத்திருந்த ரேகைகளெல்லாம் இந்தப் பதினாறு மாசத்தில் வெளுத்துப்போயிருந்தன.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. உப்புப் போட்டவங்களுக்கே அப்படின்னா, நீ உடம்பையே அறுத்துக் குடுத்தவ. நான் இன்னைக்கு உக்காந்து மூச்சு விடறது உன் தயவு. அந்த மூச்சை வச்சுக்கிட்டு உன்னையே எப்படிக் குறை சொல்றது? வாய் வரைக்கும் வரும்மா. வந்து, நின்னுடும்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் கிட்னியைத்தான் குடுத்தேன். உங்க வாயை யாரு கேட்டா? திட்டுங்க. இப்பவே திட்டுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "பழக்கம் விட்டுப்போச்சும்மா" என்றார் பரிதாபமாக.

அடுத்த நாள் அவள் லீவு போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் மீனுக்காக லீவு போட்டவள் அந்தப் பிரிவிலேயே அவள்தான். டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். நீளக் கையுறை போட்டுக்கொண்டால் தொட்டிப் பக்கம் வரலாம் என்றார். அவர் நாற்காலி கோட்டைத் தாண்டித் தொட்டிப் பக்கம் வந்தது. அவள் வாளியில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, உப்பைக் கரைத்துக் கொடுக்க, அவர் தொட்டியின் கண்ணாடி ஓரமாக மெல்லிய குழாய் வழியே விட்டார். மீன் பயந்துவிடக் கூடாதென்று ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். இரண்டு பேரும் பேசினால்கூடத் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

இரண்டாம் நாள் மேனேஜர் வயிற்றைக் கல்லிலிருந்து தூக்கியது. மூன்றாம் நாள் அரைத் தொட்டி தூரம் நீந்தியது. அன்று மாலை கண்ணாடியருகே வந்து, மூக்கால் ஒரு தட்டுத் தட்டியது. ஒரே ஒரு தட்டு. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதிகாரம் வந்துடுச்சு பார்த்தியா" என்று சிரித்தார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் அது பக்கவாட்டில் மிதந்தது. ஒரு கண் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. வாலில் புதிதாக முளைக்க ஆரம்பித்திருந்த வெள்ளை ஓரம் அந்த நிலையிலும் தெரிந்தது. செவுள் நின்றுவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுக்குக் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்தது. உறையை மாட்டினாள். வலையால் மீனை எடுத்தாள். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை உருவி, வாயை விரித்தாள். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த சதையையும் ரத்தத் துணியையும் எரிக்க அனுப்பக் கட்டுகிற மாதிரிப் பை. மாத்திரை உறைகளையும் பஞ்சையும் போடக் கடையில் அதே நிறத்தில் பார்த்து வாங்கி வைத்திருந்தாள்.

"அதுலயா போடப் போறே?"

அவள் நிமிர்ந்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார்.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? ஏழு வருஷம் இந்த வீட்டுல இருந்த உசிரு. அது உனக்குக் குப்பையா?"

ஏழாம் மாடிக்குக் கேட்கிற குரல்.

"ரெண்டையும் கொன்னுட்டேடி! கொதிக்க வச்சு, கொதிக்க வச்சு, நல்லா இருந்த தொட்டியைக் கொன்னே! நானும்தான் கொன்னேன், கண்ணால பார்த்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, நானும்தான்! வீட்டுக்குள்ள கோடு போட்டு வச்சிருக்கே, கோடு! என்கூட இருபது வருஷம் வேலை பார்த்தவன் பார்க்க வந்தா, வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பறே! டாக்டரே வேலைக்குப் போகலாம்னு சொல்றார், நீ யாருடி வேண்டாம்கறதுக்கு? சாப்பாட்டுல உப்பு இல்லை! பதினாறு மாசமா இல்லை! மீனுக்குக் கை நிறைய அள்ளிப் போட்டியே, எனக்கு ஒரு கல்லு போட்டியாடி?"

மூச்சு வாங்க நின்றார். தன் குரலைத் தானே கேட்டுப் பயந்துவிட்டவர்போல் முகம் மாறியது. "அய்யோ" என்றார் மெதுவாக. "தப்பும்மா. நான்..."

"அந்த 'ம்மா' வேண்டாம்" என்றாள் அவள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க முடியாது, கையில் உறை, வலை, மீன். "இன்னும் இருக்கா?"

அவர் அவளையே பார்த்தார்.

"இருக்கு."

"சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேன். முதல்ல அதை இப்படிக் கொடு."

கையுறை போட்டுக்கொண்டு, மீனை ஒரு வெள்ளைத் துணியில் அவரே வாங்கினார். பால்கனியில் கற்றாழைத் தொட்டி ஒன்று இருந்தது. மண்ணைத் தொடக் கூடாது என்பதால் குழியை அவள் தோண்டினாள். "ஆழம் பத்தாது" என்றார். "பத்தும்" என்றாள். "பத்தாதுங்கறேன், தோண்டுடி." தோண்டினாள். துணியோடு வைத்து மூடினார்கள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். அவர் சத்தம் வராமல் அழுதார். அவள் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே தொட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலித் தண்ணீரில் குமிழ் ஏறி ஏறி உடைந்தது. அவள் குனிந்து தரையிலிருந்த நாடாவை நகத்தால் கீறி, ஒரு முனையைப் பிடித்து உரித்தாள். வர மாட்டேன் என்று விட்டு விட்டு வந்தது. கீற்றுகள் ஒட்டிய அன்று இருந்த அதே வெளிர் நிறத்தில்தான் இருந்தன.

"அந்தப் பஞ்சு சும்மா ஓடினா நாளாவட்டத்துல அதுல இருக்கறதெல்லாம் பட்டினியில செத்துடும்" என்றார் அவர். "நாளைக்கே ஒரு குட்டி மீனாவது வேணும்."

"வேலை முடிஞ்சு வரும்போது வாங்கிட்டு வரேன்."

"நீ வேண்டாம். உனக்கு மீன் பார்க்கத் தெரியாது. நான் போறேன்."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து மூடினாள்.

"பாரு, மேனேஜர்மாதிரியே" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றைப் போட்டாள். மேஜைமேல் கிடந்த கல் உப்புப் பாக்கெட்டை எடுத்து, நாலு கல்லை எண்ணி அவர் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"என்னடி இது, மருந்தா?"

"அவ்வளவுதான். டாக்டர் சொன்ன அளவு."

"டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன்னு சொன்னார்."

"முக்கால் ஸ்பூன்."

"ஒரு ஸ்பூன்! நானும் அந்த ரூம்லதானே உக்காந்திருந்தேன்?"

"உக்காந்திருந்தீங்க. காது எங்கே இருந்துச்சு? நாளைக்குக் கடைக்குப் போறப்ப மாஸ்க் போட்டுக்கங்க, சொல்லிட்டேன்."

"போட மாட்டேன்."

"போடுவீங்க."

"போடுவேன். ஆனா நீ சொன்னதுக்காக இல்லை!"

கீழ் வீட்டில் டீச்சர் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.